கலந்து கட்டிய மேசைக்கு ஒரு மானிட்டர்



வீட்டிலிருந்தே வேலை பார்ப்பது பழகிப்போன பிறகு, பல வீடுகளில் ஒரே மேசைக்கு இரண்டு மூன்று கணினிகள் வந்து சேர்ந்துவிட்டன. அலுவலகம் கொடுத்த விண்டோஸ் லேப்டாப் ஒன்று. சொந்தக் காசில் வாங்கிய மேக்புக் ஏர் ஒன்று. பிள்ளைகளுக்கென்று பழைய டெஸ்க்டாப் ஒன்று. அந்த டெஸ்க்டாப்போடு வாங்கிய 24 அங்குல மானிட்டர் ஏற்கெனவே மேசையில் இருக்கிறது. பக்கத்தில் இன்னொன்று வேண்டும், அது வீட்டிலுள்ள எல்லாக் கணினிக்கும் ஒத்துப்போக வேண்டும். எதை வாங்குவது? இன்றைய பேச்சு இதைப் பற்றித்தான்.

கடையில் முதலில் கேட்பது, "எத்தனை இஞ்ச் சார்?" என்பதுதான். வாங்கப் போகிறவரும் அதையே யோசித்துக்கொண்டு போகிறார். அந்தக் கேள்வியைக் கடைசிக்குத் தள்ளுங்கள் என்பேன். ஒரே ஒரு கணினிக்கு வாங்குகிறவர் எதை வாங்கினாலும் எப்படியோ சமாளித்துக்கொள்ளலாம். விண்டோஸும் மேக்கும் மாறி மாறி மாட்டப்போகிற மானிட்டரில் எழுத்து எவ்வளவு கூர்மையாகத் தெரிகிறது, பின்பக்கம் என்னென்ன போர்ட்டுகள் இருக்கின்றன என்று பார்க்காமல் வாங்கிவிட்டால் தினமும் அவஸ்தைதான்.

எழுத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். திரை என்பது புள்ளிகளால் ஆனது. ஓர் அங்குலத்துக்குள் எத்தனை புள்ளிகள் அடங்குகின்றன என்பதுதான் கூர்மையைத் தீர்மானிக்கிறது. ஃபுல் எச்டி என்று சொல்கிறோமே, அதில் குறுக்கே 1920 புள்ளி, நெடுக்கே 1080 புள்ளி. 24 அங்குல மானிட்டரில் இது அங்குலத்துக்கு 92 புள்ளி. அதே புள்ளிகளை 27 அங்குலத்துக்கு இழுத்தால் 82தான் வரும். மானிட்டர் பெரிதாகிறது, எழுத்து சொரசொரப்பாகிறது. 13 அங்குல மேக்புக் ஏரின் சொந்தத் திரையில் அங்குலத்துக்கு 220க்கும் மேற்பட்ட புள்ளிகள். சாதாரண 14 அங்குல ஃபுல் எச்டி லேப்டாப்பிலேயே 157. அதில் பழகிய கண்ணை 82க்கு இறக்கினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

தமிழ் வாசிக்கிறவர்களுக்கு இது கூடுதல் சிரமம். 'எண்ணெய்' என்று திரையில் சின்ன எழுத்தில் அடித்துப் பாருங்கள். ணகரத்துக்கு எத்தனை சுழி, அதன் தலையில் எவ்வளவு சின்னப் புள்ளி! அங்குலத்துக்கு 82 புள்ளி உள்ள திரையில் ஒரு சுழிக்கு இரண்டு மூன்று புள்ளிகள் கிடைத்தால் அதிகம். சுழிகள் ஒன்றோடொன்று அப்பிக்கொள்ளும், மேலே இருக்கிற புள்ளி எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். றகரத்துக்குப் புள்ளி இருக்கிறதா இல்லையா என்று குனிந்து பார்க்க வேண்டியிருக்கும். ஆங்கில எழுத்து அந்தத் திரையிலும் ஓரளவு தப்பித்துவிடும். மெய்ப்பு பார்க்கிறவர்கள், பக்கம் கட்டுகிறவர்கள், இ-பேப்பர் வாசிக்கிற பெரியவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

இதில் மேக்குக்கும் விண்டோஸுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. ஒவ்வொரு புள்ளிக்குள்ளும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று துண்டுகள் இருக்கின்றன. அந்தத் துண்டுகளையும் பயன்படுத்தி எழுத்தின் ஓரத்தை மழுப்பிக் காட்டும் ஒரு வித்தை உண்டு. விண்டோஸில் அதற்குக் கிளியர்டைப் என்று பெயர், இன்றும் இருக்கிறது. ஆப்பிள் 2018இல் வந்த மொஹாவே பதிப்போடு அந்த முறையைக் கைவிட்டுவிட்டது. அதனால் ஒரே மானிட்டரில் விண்டோஸை மாட்டினால் எழுத்து பரவாயில்லை என்று இருக்கும், மேக்கை மாட்டினால் வெளிறித் தெரியும். கேபிளை மாற்றிப் பார்ப்பார்கள், மானிட்டரைக் குறை சொல்வார்கள். குறை இரண்டிலும் இல்லை. அங்குலத்துக்குப் புள்ளி போதவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே வீட்டில் மேக் இருந்தால் 27 அங்குலத்தில் 4கே வாங்குங்கள் என்பது என் முடிவான கருத்து. குறுக்கே 3840 புள்ளி, அங்குலத்துக்கு 163. விண்டோஸில் அளவை 150 சதவீதம் வையுங்கள். மேக்கில் 2560க்கு 1440 போலத் தெரியும் அளவைத் தேர்ந்தெடுங்கள். இரண்டிலும் ஜன்னல்களும் எழுத்துகளும் ஏறக்குறைய ஒரே அளவில் வந்துவிடும். பக்கத்தில் பழைய 24 அங்குல ஃபுல் எச்டி மானிட்டர் இருந்து, விண்டோஸ் லேப்டாப்பில் இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதானால், புதியதில் 175 சதவீதம் வையுங்கள். ஒரு பக்கத்தை இந்தத் திரையிலிருந்து அந்தத் திரைக்கு இழுக்கும்போது எழுத்து சட்டென்று சுருங்குவதும் பெருப்பதும் நின்றுவிடும். கலந்து கட்டிய மேசையில் அதிகம் எரிச்சல் தருவது இந்தச் சுருங்கலும் பெருத்தலும்தான். பலர் அதைத் தலைவிதி என்று விட்டுவிடுகிறார்கள், அமைப்பில் ஓர் எண்ணை மாற்றினால் தீர்ந்துபோகும்.

மேக்கே இல்லாத வீட்டில் 27 அங்குலத்தில் 2560க்கு 1440 போதும். பணம் மிச்சமாகும், எழுத்தும் நன்றாக இருக்கும். கையில் காசு குறைவு என்றால் இன்னொரு 24 அங்குல ஃபுல் எச்டி வாங்குவதிலும் தவறில்லை. பழையதும் புதியதும் ஒன்றுபோல இருப்பதே ஒரு சௌகரியம்.

அடுத்து போர்ட்டுகள். டைப்-சி என்ற அந்தச் சின்ன போர்ட்டைப் பார்த்ததும் அது எல்லாம் செய்யும் என்று நம்பிவிடுகிறோம். வெளியில் எல்லாம் ஒன்றுபோல இருந்தாலும் உள்ளே விஷயம் வேறு. சில லேப்டாப்புகளில் அதில் சார்ஜும் தகவலும் மட்டுமே போகும், படம் வராது. படம் வர வேண்டுமென்றால் அந்த போர்ட்டில் டிஸ்ப்ளேபோர்ட் வசதியும் இருக்க வேண்டும். போர்ட்டின் ஓரத்தில் தண்டர்போல்ட்டின் மின்னல் குறி அச்சிட்டிருந்தால் கவலை இல்லை. குறி எதுவும் இல்லையென்றால் மாடல் எண்ணை வைத்து அதன் விவரத் தாளைப் பார்த்துவிடுங்கள். கேபிளிலும் இதே கதைதான். போனோடு வந்த டைப்-சி கேபிளை மாட்டினால் பெரும்பாலும் லேப்டாப் சார்ஜ் ஏறும், திரை மட்டும் கறுப்பாகவே இருக்கும். மானிட்டர் பெட்டிக்குள் வருகிற கேபிளைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

டைப்-சி உள்ள மானிட்டர் வாங்கினால் ஒரே கேபிளில் படமும் வரும், லேப்டாப்புக்குச் சார்ஜும் ஏறும். எத்தனை வாட் கொடுக்கிறது என்று கேளுங்கள். சாதாரண அலுவலக லேப்டாப்புக்கு 65 வாட் தாராளம். கேமிங் லேப்டாப்புக்கு அது காணாது, அதன் சார்ஜரைத் தனியாக மாட்ட வேண்டியதுதான்.

எச்டிஎம்ஐ வழியாக 4கே பார்க்கிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பழைய 1.4 பதிப்பில் 4கே படம் நொடிக்கு 30 தடவைதான் புதுப்பிக்கப்படும். மவுஸை இழுத்தால் விட்டுவிட்டுப் போவதுபோல இருக்கும், பக்கத்தை உருட்டினால் கண் வலிக்கும். 2013இல் வந்த 2.0 பதிப்பில்தான் நொடிக்கு 60 கிடைக்கிறது. லேப்டாப், கேபிள், நடுவில் மாட்டுகிற டாங்கிள், மானிட்டர் நான்கும் அதற்கு ஈடுகொடுக்க வேண்டும். மலிவான டாங்கிள்களில் பல 30லேயே நின்றுவிடுகின்றன. அட்டையில் 4கே என்று பெரிதாகப் போட்டிருந்தால் போதாது, பக்கத்தில் 60 ஹெர்ட்ஸ் என்று இருக்கிறதா பாருங்கள்.

பழைய டெஸ்க்டாப்பில் நீலநிற விஜிஏ போர்ட் மட்டும் இருந்தால் மாற்றிக் கொடுக்கும் சாதனம் தேவை. இங்கே பலர் காசை வீணாக்குகிறார்கள். கடைகளில் எளிதாகக் கிடைப்பது எச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏவுக்கு மாற்றுவது. நமக்கு வேண்டியது அதற்கு நேர் எதிர்: கணினியின் விஜிஏவிலிருந்து மானிட்டரின் எச்டிஎம்ஐக்கு. ஒன்றைத் திருப்பிப் போட்டால் மற்றது ஆகாது. எதிலிருந்து எதற்கு என்று கடைக்காரரிடம் தெளிவாகச் சொல்லிக் கேளுங்கள்.

மேக்புக் ஏர் வைத்திருப்பவர்கள் இதையும் தெரிந்துகொள்ள வேண்டும். 2020இல் வந்த எம்1, 2022இல் வந்த எம்2 ஏர் இரண்டும் ஒரே ஒரு வெளி மானிட்டரைத்தான் ஏற்கும். 2024இல் வந்த எம்3 ஏரில் மூடியை மூடிவைத்தால் இரண்டு மாட்டலாம். 2025இல் வந்த எம்4 ஏர் மூடி திறந்திருக்கும்போதே இரண்டையும் ஏற்கும். இது தெரியாமல் இரண்டு எச்டிஎம்ஐ உள்ள டாக் என்ற இணைப்புப் பெட்டி ஒன்றை வாங்கி மாட்டினால், விண்டோஸில் இரண்டு திரையும் தனித்தனியாக வேலை செய்யும், மேக்கில் இரண்டிலும் ஒரே படம் வரும். ஒரு கேபிளில் இரண்டு படத்தைப் பிரித்து அனுப்ப அந்த டாக்குகள் பலவும் கையாளுகிற முறையை மேக் ஏற்பதில்லை. டிஸ்ப்ளேலிங்க் என்ற சாதனம் வைத்துச் சமாளிக்கலாம், ஆனால் அதற்குத் தனி மென்பொருள் போட வேண்டும். அலுவலகக் கணினியில் அதற்கு அனுமதி கிடைக்காமல் போகலாம். எம்1, எம்2 வைத்திருப்பவர்கள் இந்த வம்புக்கே போக வேண்டாம் என்பேன். மேக்குக்குப் புது மானிட்டர் ஒன்று போதும், பழையது டெஸ்க்டாப்போடு இருக்கட்டும்.

இரண்டாவது மானிட்டர் பெரும்பாலும் பக்கவாட்டில் சாய்வாகத்தான் நிற்கும், நாமும் அதைக் கோணலாகத்தான் பார்ப்போம். அப்படிப் பார்த்தாலும் நிறம் மாறாமல் இருப்பது ஐபிஎஸ் வகைத் திரை. விஏ வகையில் கறுப்பு அருமையாக இருக்கும், படம் பார்க்க நல்லது, ஆனால் பக்கவாட்டில் வெளிறும். வளைந்த திரை, 144 ஹெர்ட்ஸ் எல்லாம் விளையாடுகிறவர்களுக்கு. அந்தக் காசை உயரம் கூட்டிக் குறைக்கிற ஸ்டாண்டுக்குக் கொடுங்கள். திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்தில் இருந்தால் கழுத்து வலிக்காது.

கேவிஎம் வசதி உள்ள மானிட்டர் கிடைத்தால் இன்னும் நல்லது. கீபோர்டையும் மவுஸையும் மானிட்டரில் மாட்டிவிட்டால், எந்தக் கணினியின் படத்தைக் காட்டுகிறோமோ அந்தக் கணினிக்கே அவையும் போய்விடும். மேசையில் இரண்டு கீபோர்டு தேவைப்படாது. இரண்டு கணினியை அன்றாடம் மாற்றி மாற்றிப் பார்க்கிறவருக்கு, நான் பார்த்தவரை, இதைப்போல உதவுவது வேறொன்றும் இல்லை.

நேயர்களுக்கு ஒரு வேண்டுகோள். மானிட்டர் வாங்கப் போகும்போது வீட்டிலுள்ள லேப்டாப்புகளை எல்லாம் கையோடு எடுத்துப் போங்கள். ஒவ்வொன்றையும் மாட்டச் சொல்லி, தமிழ்ச் செய்திப் பக்கம் ஒன்றைச் சின்ன எழுத்தில் திறந்து வாசித்துப் பாருங்கள். முழு வெள்ளை, முழுக் கறுப்பு வைத்து, செத்த புள்ளி இருக்கிறதா என்றும் பாருங்கள். 27 அங்குல ஃபுல் எச்டியை எவ்வளவு தள்ளுபடியில் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மாட்டிக் காட்ட மறுக்கிற கடையில் வாங்காதீர்கள், அடுத்த கடைக்குப் போங்கள்.