ஆச்சியோட ரேகை

இந்த வாரம் பேச வேண்டியது வேற விஷயம். ஆனா போன மாசம் ஊருக்குப் போனதுல ஒண்ணு நடந்துச்சு. அதைச் சொல்லாம என்னால அடுத்ததுக்குப் போக முடியல. எங்க ஆச்சிக்கு ஆதார் புதுப்பிச்ச கதை. இதுல என்னடி கதைன்னு நினைப்பீங்க. நானும் அப்படித்தான் நினைச்சேன்.

ஆச்சிக்கு எண்பத்தி மூணு வயசு. பாவூர்சத்திரம் பக்கம் வீடு. நாப்பது வருஷம் பீடி சுத்துனாங்க. தென்காசிப் பக்கத்து ஆளுங்களுக்குத் தெரியும், மடியில சொளகு, அதுல இலை, தூள், கத்திரி, நூலுன்னு வாசல்ல உக்காந்தா சாயங்காலம்தான் எந்திரிப்பாங்க. அந்த வேலைக்கு பி.எஃப் உண்டு, அதுல இருந்து பென்ஷனும் உண்டு. மாசம் ஆயிரத்துச் சொச்சம். 2014ல குறைந்தபட்சம் ஆயிரம்னு ஆக்குனாங்க, அப்புறம் பல வருஷம் அங்கேயேதான் நின்னுச்சு. நான் ஒரு ராத்திரி ஆர்டர் பண்ற சாப்பாட்டுக் காசு. ஆனா ஆச்சிக்கு அது வேற. வெத்தலைக்கு, கோயிலுக்கு, பேரப்பிள்ளைங்க வந்தா கையில திணிக்கிற நூறு ரூபாய்க்கு. யார்கிட்டயும் கேக்காம செலவழிக்கிற காசு.

போன வருஷம் குளியலறையில வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு உடைஞ்சது. ஆபரேஷன் ஆச்சு, ஆனா நடை வரல. கட்டில்தான்.

இந்த பென்ஷன் வாங்குறவங்க வருஷத்துக்கு ஒரு தடவை உயிரோட இருக்கேன்னு சான்று குடுக்கணும். ஜீவன் பிரமாண்னு பேரு. ரேகை வைக்கணும், இல்லன்னா கண்ணு, இல்லன்னா முகம். ஆச்சிக்கு அந்தத் தேதி தாண்டிடுச்சு. ஆஸ்பத்திரி அலைச்சல்ல யாருக்கும் ஞாபகம் இல்ல. பென்ஷன் நின்னுடுச்சு.

வீட்டுக்கு வந்த ஒரு தம்பி சின்ன மெஷின்ல ஆச்சி விரலை வச்சு வச்சுப் பார்த்தான். பத்து விரலும் ஏறல. வயசானா தோல் காஞ்சு ரேகை மழுங்கும், அது எல்லாருக்கும் உள்ளது. இவங்களுக்கு அதோட நாப்பது வருஷத்துப் பீடி இலையும் சேர்ந்துக்கிச்சு. எந்த வேலைக்காக பென்ஷனோ அந்த வேலைதான் ரேகையத் தின்னுருக்கு. அந்தத் தம்பிகிட்ட இதைச் சொன்னேன். “அப்படித்தான் அக்கா, இந்தத் தெருவுல பாதிப் பேருக்கு ஏறாது”ன்னான்.

சரி, முகம்னு பார்த்தோம். 2021ல இருந்து போன் கேமராவிலயே செய்யலாம், ரெண்டு ஆப் போட்டா போதும். ஆச்சி முகத்துக்கு நேரா போனைப் பிடிச்சேன். ஒத்து வரலன்னு சொல்லுது. வெளிச்சத்தை மாத்தி, ஜன்னலைத் திறந்து, எல்லாம் பண்ணியாச்சு. ஆதார்ல இருக்கிற போட்டோ 2012ல எடுத்தது. கன்னமெல்லாம் உப்பலா, நெத்தியில பெரிய குங்குமப் பொட்டோட இருப்பாங்க. இப்போ கட்டில்ல கிடக்கிறவங்க பாதி ஆளு.

அப்போ நான் ஒரு தப்புப் பண்ணேன். பக்கத்து டவுன்ல ஒரு ஆதார் சென்டர், அங்க தூக்கிட்டுப் போயிடலாம்னு சொன்னது நான்தான். மாமாவும் இன்னொருத்தரும் பிளாஸ்டிக் சேர்ல வச்சுத் தூக்கி வேன்ல ஏத்துனாங்க. போய்ப் பார்த்தா சென்டர் மாடியில. படியில பாதி தூரம் தூக்கும்போது ஆச்சி, “ஏட்டி, என்னைய இறக்கச் சொல்லு”ன்னாங்க. சத்தமெல்லாம் போடல. மெதுவாத்தான் சொன்னாங்க. கீழ ஜவுளிக்கடைக்காரங்க எல்லாம் பார்த்துட்டு இருந்தாங்க. திரும்பி வந்துட்டோம். வர்ற வழியில, “விடுங்க ஆச்சி, அந்த ஆயிரத்தை நான் மாசாமாசம் போட்டு விடுறேன்”னு சொன்னேன். ஆச்சி பதிலே சொல்லல. ரெண்டு நாள் என்கூடப் பேசல.

நடக்க முடியாதவங்களுக்கு வீட்டுக்கே மெஷின் கொண்டு வந்து எடுப்பாங்க. இது பலருக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. 1947க்கு போன் பண்ணா தமிழ்லயே பேசுறாங்க. தமிழ்நாட்டுக்கான மண்டல அலுவலகம் பெங்களூர்ல இருக்கு. அவங்களுக்கு ஒரு கடிதம், ஆதார் நகல், நடக்க முடியாதுன்னு டாக்டர் சான்று அனுப்பினோம். கட்டணம் எங்களுக்கு 700 ரூபாய். மூணு வாரம் கழிச்சு போன் வந்துச்சு. நான் லீவு போட்டுட்டு ஊருக்குக் கிளம்பினேன்.

வந்தவர் ஒரு பெட்டியோட வந்தார். லேப்டாப், கேமரா, விரல் வைக்கிற மெஷின், பைனாகுலர் மாதிரி கண்ணுல வைக்கிறது ஒண்ணு. பின்னாடி வெள்ளையா இருக்கணும்னார், தாத்தாவோட பழைய வேட்டியைச் சுவத்துல ஆணியடிச்சுக் கட்டினோம். மூணு தலகாணி வச்சு ஆச்சியை நிமித்தினோம்.

அவர் பேரு, வயசு எல்லாம் கேட்டார், நான் சொல்லிட்டே வந்தேன். ஒரு கட்டத்துல அவர், “அவங்களே சொல்லட்டும்மா”ன்னார். திட்டுற மாதிரி இல்ல, சாதாரணமாத்தான். ஆச்சி பேரை முழுசா, அப்பா பேரோட சேர்த்துச் சொன்னாங்க. வாசல்ல வந்து நின்ன பக்கத்து வீட்டுக்காரங்களுக்கும் கேக்குற மாதிரி.

விரலை ஈரத்துணியால துடைச்சுத் துடைச்சு வச்சார். நாலு, நாலு, அப்புறம் ரெண்டு கட்டை விரல். கண்ணு முதல் தடவையே வந்துடுச்சு.

போட்டோ எடுக்கும்போது ஆச்சி, “இருய்யா”ன்னாங்க. “பழைய படத்துல பொட்டு இருக்குல்லா. இப்போ இல்லன்னா வேற ஆளுன்னு சொல்லிருமா?”

தாத்தா 2016ல தவறிட்டார். அதுல இருந்து வெறும் திருநீறுதான்.

“பொட்டையெல்லாம் மெஷின் பார்க்காது ஆச்சி. கண்ணு, மூக்கு, தாடை, இதோட அளவுதான்”னார் அவர்.

ஆச்சி கொஞ்ச நேரம் யோசிச்சாங்க. “அப்போ வச்சாலும் ஒண்ணும் சொல்லாதுல்லா?”

அறையில யாரும் பேசல. அம்மா என்னைப் பார்த்தாங்க. நான் என் பையில இருந்து ஸ்டிக்கர் பொட்டு அட்டையை எடுத்தேன், இருந்ததுலயே பெருசா ஒரு சிவப்பு. அம்மா அதை என் கையில இருந்து வாங்கிட்டாங்க. வேண்டாம்னு சொல்லப் போறாங்கன்னுதான் நினைச்சேன். அவங்களே குனிஞ்சு ஆச்சி நெத்தியில ஒட்டி விட்டாங்க.

“நேரா இருக்கா?”ன்னு ஆச்சி கேட்டாங்க. அவர்தான், “நேரா இருக்கு, என்னைப் பாருங்க”ன்னார்.

புதுப் படம் ஏறுனதும் திரும்ப போனை எடுத்தேன். அந்த ஆப்ல கண்ணைச் சிமிட்டணும், அப்போதான் உயிருள்ள ஆளுன்னு நம்பும். “ஆச்சி, சிமிட்டுங்க”ன்னா எனக்கு நேரா ஒத்தைக் கண்ணை அடிக்கிறாங்க. (சிரிப்பு) மூணு தடவை. நாலாவது தடவைதான் ரெண்டையும் சேர்த்து மூடினாங்க. பச்சை வந்துச்சு.

நின்னுபோன மூணு மாசத்துக் காசும் சேர்ந்தே வந்துடுச்சு. நான் சென்னைக்குக் கிளம்புற அன்னைக்கு மாமா எடுத்துட்டு வந்து குடுத்தார். ஆச்சி ரெண்டு தடவை எண்ணினாங்க. அதுல எழுநூறைத் தனியா எடுத்து என்கிட்ட நீட்டினாங்க. “இது அந்தப் பெட்டிக்காரருக்குக் குடுத்தது.” வேண்டாம்னேன். படியேறுன அன்னைக்குப் பார்த்த மாதிரியே பார்த்தாங்க. வாங்கிக்கிட்டேன். அப்புறம் இன்னொரு நூறை எடுத்துக் கையில திணிச்சாங்க. “இது நான் தாரது. பஸ்ல ஏதாவது வாங்கித் தின்னு.”