குருசடைத் தீவும் ஒரு வருகைப் பதிவேடும்

(ஆசிரியர் பயிற்சி முகாம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'களப்பயணத்தின் வழியே கற்றல்' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். நான் ஒரே ஒரு களப்பயணத்தைப் பற்றித்தான் பேசப் போகிறேன். அதில் பிள்ளைகள் என்ன கற்றார்கள் என்பதைவிட நான் என்ன கற்றேன் என்பதே அதிகம் வரும். பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எனக்கு ஊர் அருப்புக்கோட்டைப் பக்கம். கண்மாயைத் தவிர வேறு நீர்நிலை பார்த்து வளர்ந்தவன் இல்லை. பணிமாறுதலில் பாம்பன் பாலத்துக்கு இந்தப் பக்கம், மன்னார் வளைகுடாக் கரையில் இருக்கும் ஓர் அரசு நடுநிலைப்பள்ளிக்கு வந்தேன். அறிவியல் பட்டதாரி ஆசிரியர். ஆள் இல்லாததால் சமூக அறிவியலும் என் தலையில். இந்த அறையில் பாதிப் பேருக்கு அது புரியும் என்று நினைக்கிறேன்.

கடற்கரைப் பள்ளியில் மூன்று வருடம் வேலை பார்த்தும் நான் படகில் ஏறியதில்லை. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள்தான் கேட்டார்கள், "சார், குருசடைக்குப் போவோமா? நாங்க கரையில இருந்தே பாத்துக்கிட்டு இருக்கோம், நீங்க பாடத்துல மட்டும் சொல்றீங்க" என்று. மறுக்க முடியவில்லை.

குருசடை என்பது மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் ஒன்று. தூத்துக்குடியில் தொடங்கிப் பாம்பன் வரை கரையோரமாக வரிசையாகக் கிடக்கும் சின்னச் சின்னத் தீவுகள் இவை. மண்டபம் பக்கத்தில் மட்டும் ஏழு: சிங்கில், குருசடை, புள்ளிவாசல், பூமரிச்சான், மனோலிபுட்டி, மனோலி, முயல்தீவு. 1986இல் தேசியப் பூங்காவாகவும் 1989இல் உயிர்க்கோளக் காப்பகமாகவும் அறிவித்தார்கள். நினைத்தவுடன் போய் இறங்க முடியாது. வனத்துறையின் சூழல் சுற்றுலாவில் முன்கூட்டியே சொல்லி, அவர்கள் படகில், அவர்கள் வழிகாட்டியோடு குந்துகாலில் இருந்து போய்த் திரும்ப வேண்டும். குந்துகால் என்றதும் நம் சமூக அறிவியல் ஆசிரியர்களுக்கு நினைவு வரும், 1897 ஜனவரி 26 அன்று விவேகானந்தர் வந்து இறங்கிய இடம். இன்று நினைவு மண்டபம் இருக்கிறது.

அனுமதி, பெற்றோர் ஒப்புதல் கடிதம், முதலுதவிப் பெட்டி, இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். மாதத்தை மட்டும் பிள்ளைகளிடம் கேட்டு முடிவு செய்தோம். எங்கள் ஊரில் வடகடலைப் பெண்கடல் என்பார்கள், தென்கடலை ஆண்கடல் என்பார்கள். கச்சான் காற்று அடிக்கும் ஆனி, ஆடியில் தென்கடல் முரட்டுத்தனமாக இருக்கும். வாடை அடிக்கும்போது வடகடல் பொங்கும், தென்கடல் அடங்கிவிடும். குருசடை தென்கடலில் இருக்கிறது. ஆகவே பிப்ரவரி. பருவக்காற்றுகள் பாடத்தை நான் எத்தனையோ தடவை நடத்தியிருக்கிறேன். அதை வைத்து ஒரு நாள் குறித்தது அதுதான் முதல் தடவை.

இனி நான் செய்த தவறுக்கு வருகிறேன்.

இருபத்தெட்டுப் பேர் வகுப்பு. படகில் இருபத்தைந்து பேருக்குத்தான் இடம் சொன்னார்கள். மூன்று பேரைக் கழிக்க வேண்டும். வருகைப் பதிவேட்டை எடுத்தேன். அதிகம் விடுப்பு எடுத்தவர்கள் வேண்டாம் என்று கோடு போட்டேன். நியாயமான வழியாகத்தான் எனக்குப் பட்டது. அப்படிக் கழிக்கப்பட்டவர்களில் ஒரு மாணவி. பெயரும் ஊரும் சொல்லப் போவதில்லை. மாதத்தில் பத்து, பன்னிரண்டு நாள் வரமாட்டாள். கேட்டால் தலையைக் குனிந்துகொள்வாள். "பள்ளிக்கூடம் உனக்கு விருந்தாளி வீடாம்மா?" என்று வகுப்பில் எல்லார் முன்னாலும் நான் கேட்டிருக்கிறேன். பிள்ளைகள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

தலைமையாசிரியை பட்டியலைப் பார்த்தார். "வராத பிள்ளையை வரவைக்கத்தானே சார் இதெல்லாம் செய்யிறோம்? வந்துக்கிட்டே இருக்கிற பிள்ளைக்கு என்ன பரிசு?" என்றார். வனத்துறை அலுவலரிடம் அவரே பேசி இன்னொரு படகுக்கு ஏற்பாடு செய்தார். இருபத்தெட்டுப் பேரும் போனோம்.

படகு கிளம்பிய கால்மணி நேரத்தில் வாந்தி எடுத்தது இரண்டு பேர். ஒருவர் எங்கள் தமிழாசிரியர். இன்னொருவர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. பிள்ளைகள் என் லைஃப் ஜாக்கெட்டைப் பிடித்துக்கொண்டு, "தூரத்தைப் பாருங்க சார், தண்ணியைப் பாக்காதீங்க" என்று சொல்லிக்கொடுத்தார்கள்.

வழிகாட்டி உள்ளூர் மீனவக் குடும்பத்துப் பையன். ஓர் இடத்தில் படகை மெதுவாக்கி, "கீழே பாருங்க, பார் தெரியுது" என்றார். பார் என்றால் பவளப்பாறை. தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. மூளை போன்ற உருண்டைகள், மான்கொம்பு போன்ற கிளைகள். இது கல் இல்லை, கூட்டமாக வாழும் சிறு விலங்குகள் கட்டிய வீடு, அவற்றின் உடலுக்குள் இருக்கும் நுண்பாசிகள்தாம் அவற்றுக்குச் சோறும் நிறமும் தருகின்றன, கடல் சூடானால் அந்தப் பாசியை இழந்து பாறை வெளுத்துவிடும் என்று விளக்கினார். 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் இங்கே பெரிய அளவில் வெளுத்தது. நான் பாடத்தில் சொன்ன அதே செய்திதான். ஆனால் ஓர் ஓரம் வெளுத்துக் கிடந்த கிளையைப் பார்த்துக்கொண்டே கேட்கும்போது எவரும் பேசவில்லை.

அப்போது அவர் ஒரு கேள்வி கேட்டார். "போன வாரம் வந்தவங்களுக்கு இவ்வளவு தெளிவா மேல வந்து தெரியல. இன்னைக்கு மட்டும் ஏன் தண்ணி இவ்வளவு குறைஞ்சிருக்கு?"

என் முதல் மதிப்பெண் மாணவன், "வெயில் சார், ஆவியாயிருச்சு" என்றான். நான் வாய் திறப்பதற்குள் பின்னால் இருந்து ஒரு குரல். "அமாவாசை கழிச்சு மூணாம் நாள்ணே. நல்ல வத்தம். மதியத்துக்கு மேல ஏத்தம் வந்துரும்."

அந்த மாணவிதான்.

வழிகாட்டி திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "பாசிக்குப் போற வீட்டுப் பிள்ளையா?" என்றார். அவள் தலையாட்டினாள்.

உயர் ஓதம், தாழ் ஓதம் பற்றி அதற்கு முந்தைய மாதம்தான் வகுப்புத்தேர்வு வைத்திருந்தேன். 'உயர் ஓதம் எப்போது ஏற்படுகிறது?' என்ற கேள்விக்கு அவள் ஒன்றும் எழுதாமல் விட்டிருந்தாள். சுழியம் போட்டிருந்தேன். ஓதம் என்ற சொல் அவளுக்குத் தெரியாது. ஏத்தம், வத்தம் என்று கேட்டிருந்தால் எனக்கே பாடம் நடத்தியிருப்பாள். அமாவாசை அன்றைக்கே உச்சம் வந்துவிடாது, ஓரிரு நாள் தள்ளித்தான் வரும் என்பதும் அவள் சொல்லித்தான் படகில் எனக்கு உறைத்தது. புத்தகத்தில் அந்த ஒரு வரி இல்லை.

தீவில் இறங்கினோம். குருசடையைப் பற்றி விலங்கியல் படித்தவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டாம். பலனோகிளாசஸ் என்கிற அரைநாணிப் புழு இதன் மணலில் வாழ்கிறது. முதுகெலும்பு இல்லாதவற்றுக்கும் உள்ளவற்றுக்கும் நடுவே நிற்கும் உயிர் என்று கல்லூரியில் படம் வரைந்து மனப்பாடம் செய்தேன். அது வாழும் மணலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றபோது, சொன்னால் சிரிப்பீர்கள், கோவிலுக்குள் நிற்பது போல இருந்தது. புழுவைத் தோண்டிப் பார்க்கவில்லை. அனுமதியும் இல்லை. கரையோரம் அலையாத்தி மரங்களின் மூச்சுவேர்களை எண்ணினார்கள். தண்ணீருக்கடியில் இருக்கும் கடல்புல், பாசி வகை இல்லை, பூப்பூக்கும் தாவரம், ஆவுளியா மேய்வது அதைத்தான் என்று வழிகாட்டி சொன்னதை எல்லாரும் எழுதிக்கொண்டார்கள்.

விலாங்குசல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள் போய்விட்ட கதையையும் சொன்னார். சுண்ணாம்புக்கும் ஆலைகளுக்கும் முருகைக்கல்லை வெட்டி எடுத்ததால் அலையைத் தடுக்கும் அரண் இல்லாமல் மணல் அரித்துப் போனது. 2001இல்தான் பவளப்பாறைகளை வனவுயிர்ச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். "அதனாலதான், இங்கிருந்து ஒரு கிளிஞ்சல் கூட எடுக்கக் கூடாது. யாருமே எதையும் எடுக்கக் கூடாது" என்று முடித்தார்.

ஒரு பையன் சட்டென்று கேட்டான். "பாசியும் எடுக்கக் கூடாதாண்ணே?"

எல்லார் கண்ணும் அந்த மாணவி பக்கம் போனது. வழிகாட்டிக்கும் சங்கடம். அவர் வீட்டிலும் பாசி எடுத்தவர்கள் இருந்திருப்பார்கள். என்னைப் பார்த்தார். நான் கடலைப் பார்த்தேன். அந்த நேரத்தில் எனக்குப் பதில் தெரியவில்லை, உண்மையைச் சொன்னால் இன்றைக்கும் முழுசாகத் தெரியாது. பூங்காவுக்குள் நுழையத் தடை என்பது சட்டம். பாறையைக் காப்பாற்றத்தான் அந்தச் சட்டம். தலைமுறையாக அந்தத் தீவோரங்களில் கழுத்தளவுத் தண்ணீரில் நின்று, விரலில் துணி சுற்றிக்கொண்டு, மரிக்கொழுந்துப் பாசியும் கட்டக்கோரையும் கையால் மட்டும் பறித்துப் பிழைத்த பெண்கள் இருக்கிறார்கள் என்பதும் உண்மை. நாம் சாப்பிடும் எத்தனையோ பண்டங்களைக் கெட்டியாக்கும் அகர் மரிக்கொழுந்துப் பாசி போன்றவற்றில் இருந்துதான் வருகிறது. மாதத்தில் பன்னிரண்டு நாள் மட்டும் போவது, மீன் இனம்பெருகும் காலத்தில் நாற்பத்தைந்து நாள் நிறுத்திவைப்பது என்று அவர்களே கட்டுப்பாடு வகுத்துக்கொண்டார்கள். சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி என்ற பாசி எடுக்கும் பெண்மணிக்கு 2015இல் சீகாலஜி என்னும் பன்னாட்டுப் பரிசு கிடைத்ததும் இந்தப் போராட்டத்துக்காகத்தான். இதையெல்லாம் திரும்பி வந்த பிறகு தேடிப் படித்துத் தெரிந்துகொண்டேன். தீவில் நின்றபோது, "இதைப் பத்தி வகுப்புல பேசுவோம்டா" என்று சொல்லித் தப்பித்தேன்.

திரும்பும் படகில் அந்த மாணவியின் பக்கத்தில் உட்கார்ந்தேன். "அம்மா இன்னைக்குப் பாசிக்குப் போயிருக்காங்களா?" என்று கேட்டேன்.

"இல்ல சார். நான் இங்க வரணும்னு போகல. தம்பிய வச்சுக்க ஆளில்ல."

அவ்வளவுதான் சொன்னாள். தம்பிக்கு ஒன்றரை வயது. அம்மா விடியற்காலை படகேறிப் போனால் திரும்ப மாலையாகும்.

அன்று இரவு வீட்டில் தினசரி நாட்காட்டியையும் வருகைப் பதிவேட்டின் நகலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். அமாவாசைக்கு மூன்று சிவப்பு, பௌர்ணமிக்கு மூன்று சிவப்பு, இரண்டு பக்கமும் கொத்துக் கொத்தாக. நடுவில் ஒரு நாள் கூட விடாமல் வந்திருக்கிறாள். ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர், எந்த மாதத்தை எடுத்தாலும் அதே வடிவம். நிலவின் கலைகளை அந்தப் பதிவேட்டை வைத்தே நடத்தியிருக்கலாம். இங்கே ஓத ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவுதான். கழுத்தளவுத் தண்ணீரில் மூழ்கி மூழ்கி எழுபவருக்கு அந்த அரை மீட்டர் வற்றுவது பெரிய விஷயம். அந்த ஆறு நாளை விட்டால் மறுபடி எட்டு, ஒன்பது நாள் காத்திருக்க வேண்டும். பாசிக்குப் போகிறவர்கள் வீட்டுப் பிள்ளை என்று எனக்கு முன்பே தெரியும். எந்த நாளில் போவார்கள் என்று நான் கேட்டதே இல்லை. விருந்தாளி வீடா என்று மட்டும் கேட்டேன்.

திங்கட்கிழமை வகுப்பில் எல்லார் முன்னாலும் அந்தச் சொல்லுக்கு மன்னிப்புக் கேட்டேன். எல்லார் முன்னாலும் சொன்னதை அறைக்குள் கூப்பிட்டுத் திரும்பப் பெற முடியாது என்று தோன்றியது. அவள் மறுபடி தலையைத்தான் குனிந்துகொண்டாள்.

அதற்குப் பிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல ஆசைதான். அப்படி நடக்கவில்லை. அங்கன்வாடியில் தம்பியைச் சேர்க்க இரண்டு வயது ஆகட்டும் என்றார்கள். ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். எங்கள் கையில் இருந்ததைச் செய்தோம். வகுப்புத்தேர்வுகளை அமாவாசை, பௌர்ணமி ஒட்டி வைப்பதில்லை. புதிய பாடத்தை அந்த நாட்களில் தொடங்குவதில்லை, பயிற்சி மட்டும். பக்கத்து வீட்டுத் தோழி வீட்டுப்பாடத்தை எடுத்துப் போவாள். எங்கள் தலைமையாசிரியை, "தம்பியையும் தூக்கிட்டு வா" என்று இரண்டு நாள் சொல்லிப் பார்த்தார். அவன் ஆறாம் வகுப்பு கரும்பலகையில் ஏறி உட்கார்ந்துகொண்டு செய்த அமர்க்களத்தில் அந்தத் திட்டம் மூன்றாம் நாள் நின்றது. பன்னிரண்டு நாள் விடுப்பு ஏழு, எட்டாகக் குறைந்தது. சுழியம் ஆகவில்லை.

வகுப்பில் பேசுவோம் என்று சொன்ன பேச்சையும் நடத்தினோம். தடை வேண்டும் என்று ஒரு பக்கம், வேண்டாம் என்று ஒரு பக்கம். தடை வேண்டும் என்ற அணியில் அந்த மாணவி சேர்ந்தாள். நான் எதிர்பார்க்கவில்லை. "பார் செத்துப்போனா பாசியும் இருக்காது சார். ஆனா எங்க அம்மாட்ட கேட்டுட்டுத் தடை போடணும்" என்றாள். எந்த அணிக்கு மதிப்பெண் போடுவது என்று தெரியாமல் இரண்டுக்கும் சமமாகப் போட்டேன்.

அவள் இப்போது ஒன்பதாம் வகுப்பு. பக்கத்து ஊர் உயர்நிலைப்பள்ளி. சேர்க்கைக்குப் போனபோது மாற்றுச் சான்றிதழோடு, நான் அமாவாசை பௌர்ணமி குறித்து வைத்திருந்த நாட்காட்டியையும் அவள் வகுப்பாசிரியரிடம் கொடுத்தேன். அவர் ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார். விளக்கிச் சொன்னேன்.

இந்த ஆண்டு எட்டாம் வகுப்பில் பாசிக்குப் போகும் வீட்டுப் பிள்ளைகள் மூன்று பேர் இருக்கிறார்கள். குருசடைக்கு மறுபடி பிப்ரவரியில் கேட்டிருக்கிறோம். இரண்டு பிறைக்கும் நடுவே வருகிற ஒரு சனிக்கிழமை. அன்றைக்குத் தண்ணீர் இவ்வளவு வற்றாது, பார் அவ்வளவு நன்றாகத் தெரியாது என்று வழிகாட்டி தம்பி சொல்லிவிட்டார். பரவாயில்லை என்று சொல்லியிருக்கிறேன்.