உங்கள் வீட்டு வைஃபை சொல்லும் முகவரி



நாம் இருக்கும் இடத்தைக் கைபேசி செயற்கைக்கோளை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறது என்று பலரும் நினைக்கிறோம். வெட்டவெளியில் அது சரி. நாலு சுவருக்குள்ளும் நெருக்கமான மாடிக் கட்டடங்களுக்கு நடுவிலும் அந்தச் சமிக்ஞை சரியாக வந்து சேராது. அங்கே வழிகாட்டுபவை அக்கம்பக்கத்து வைஃபை பெட்டிகள்.

வைஃபை ரவுட்டர் ஒவ்வொன்றும் தன் அடையாள எண்ணை நொடிக்குச் சுமார் 10 முறை ஒலிபரப்பிக்கொண்டே இருக்கிறது. கடவுச்சொல் போட்டிருந்தாலும் இந்த எண் மறைவதில்லை. அருகே வரும் கைபேசி அதைக் கேட்டு, ஆப்பிள் அல்லது கூகுளின் கணினியிடம் விசாரிக்கிறது. எந்த எண் எந்தத் தெருவில் இருக்கிறது என்ற மாபெரும் பட்டியல் அவர்களிடம் உண்டு. அந்தப் பட்டியலை நாள்தோறும் புதுப்பிப்பவையும் நம் கைபேசிகளே.

தொடக்கத்தில் கூகுள் இந்தப் பட்டியலுக்குத் தெருக்களைப் படம்பிடிக்கும் தன் ஸ்ட்ரீட் வியூ கார்களைப் பயன்படுத்தியது. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத் தரவுப் பாதுகாப்பு அதிகாரிகள் துருவிக் கேட்ட பிறகு, பூட்டப்படாத வைஃபைகளில் ஓடிய தகவல்களும் அந்தக் கார்களில் பதிவாகியிருந்ததை 2010 மே மாதம் அந்நிறுவனம் ஒப்புக்கொண்டது. தவறுதலாக நடந்தது என்றது.

அதைவிட என்னைக் கலங்கவைப்பது 2024இல் வெளிவந்த ஓர் ஆய்வு. மேரிலாந்து பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எரிக் ரை, டேவ் லெவின் இருவரும் ஆப்பிளின் சேவையைச் சோதித்தார்கள். ஒரு ரவுட்டரின் எண்ணைக் கொடுத்துக் கேட்டால், அதைச் சுற்றியுள்ள 400 ரவுட்டர்கள் வரை இருக்கும் இடங்களையும் அது சேர்த்துச் சொன்னது. இப்படியே கேட்டுக் கேட்டு 200 கோடிக்கும் மேற்பட்ட ரவுட்டர்களின் இடங்களைத் திரட்டிவிட்டார்கள். உக்ரைன் போர்க்களத்தில் ஸ்டார்லிங்க் என்ற செயற்கைக்கோள் இணையக் கருவிகள் நகர்வதுகூடத் தெரிந்தது.

போர்க்களம் இருக்கட்டும். அடிக்கும் கணவனிடமிருந்து தப்பி, யாருக்கும் சொல்லாமல் வேறு ஊரில் குடியேறும் ஒரு பெண்ணை நினைத்துப் பாருங்கள். பழைய ரவுட்டரையும் எடுத்துப் போகிறாள். அதன் எண் அவனுக்குத் தெரியும். அந்த ஆய்வு நடந்தபோது, புது வீடு எங்கே என்று அறிய அதுவே போதுமானதாக இருந்தது.

இருப்பிடத்தைப் பகிரலாமா என்று கைபேசி தன் சொந்தக்காரரிடமாவது கேட்கிறது. ரவுட்டர் வைத்திருப்பவரிடம் யாரும் கேட்டதில்லை. வேண்டாம் என்றால் அவரே தேடிப் போய் விலக வேண்டும். இது நியாயமில்லை. முதலில் அனுமதி கேட்கும் கடமை நிறுவனங்களுடையது.

அதுவரை நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் வைஃபை பெயரின் கடைசியில் ஓர் அண்டர்ஸ்கோர், அதையடுத்து என், ஓ, எம், ஏ, பி என்ற ஐந்து சிறிய ஆங்கில எழுத்துகளைச் சேருங்கள். கூகுள் 2011 முதலும், ஆப்பிள் 2024 முதலும் இதை மதித்து அந்த ரவுட்டரைப் பட்டியலிலிருந்து விலக்குகின்றன. பெயர் மாறியதும் வீட்டுக் கருவிகளை மறுபடி இணைக்க வேண்டியிருக்கும். அந்தச் சிரமத்தைப் பார்க்காதீர்கள். ஒருவருக்கு அஞ்சி வீடு மாறுகிறவர்கள் பழைய ரவுட்டரை விட்டுவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.