பார்த்துக் குடுங்கண்ணே

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் வேலை முடிந்ததும் "எவ்வளவு தரணும்?" என்று கேட்டால், "பார்த்துக் குடுங்கண்ணே" என்பார்கள். கேட்க இதமாக இருக்கிறது. ஆனால் கூலியை முடிவு செய்யும் பொறுப்பு அந்த வேலையே தெரியாதவர் தலையில் விழுகிறது. கூடக் கொடுத்துவிட்டோமோ என்று அவருக்கு உறுத்தல். இவ்வளவுதானா என்று இவருக்கு மனத்தாங்கல். வேலைக்கு முன்பே, இன்னதுக்கு இவ்வளவு என்று பிரித்துச் சொல்வதே இருவருக்கும் மரியாதை.

மோட்டார் காயில் கட்டும் பட்டறையைப் பாருங்கள். மும்முனை மின்சாரத்தில் ஒரு பேஸ் போய், மீதி இரண்டில் ஓடிய கிணற்று மோட்டார் கருகி வந்து இறங்கும். கொண்டுவந்த சம்சாரிக்கு அது ஒரே வேலை. பட்டறைக்காரரோ கருகிய கம்பியை வெட்டி உருவ வேண்டும், காடிகளைச் சுரண்டித் தாள் செருக வேண்டும், சுற்று பிசகாமல் எண்ணிப் புதுக்கம்பி இறக்க வேண்டும், வார்னிஷ் ஊற்றிக் காயவைக்க வேண்டும். இத்தனையையும் ஒரே தொகையாகச் சொன்னால், செம்பு விலை ஏறும்போது அந்த ஏற்றம் சத்தமில்லாமல் கைக்கூலியைத் தின்றுவிடும். கம்பி இத்தனை கிலோ, அன்றைய விலை இவ்வளவு, கூலி தனி, பேரிங் தனி, பழைய கம்பிக்குக் கழிவு இவ்வளவு என்று சீட்டில் எழுதிப் பாருங்கள்; சம்சாரியின் கண்ணெதிரே தராசில் நிறுத்தும் காட்டுங்கள். அதன் பிறகு பேரம் பேச அவருக்கே மனம் வராது.

சரி, கூலி எவ்வளவு? கண்மாய் நிறைந்தாலும் மோட்டாருக்கு ஓய்வு; கிணறு வறண்டாலும் ஓய்வு. மானாவாரி பூமியில் வேலையும் மானாவாரிதான். கணக்குக்கு வைத்துக்கொள்வோம்: குடும்பத்துக்கும் வாடகைக்கும் ஆண்டுக்கு 3,60,000 ரூபாய் வேண்டும். 300 நாளால் வகுத்தால் நாளுக்கு 1,200. ஆனால் வேலை வருவது 180 நாள் என்றால் தேவை 2,000. அந்த 800 ரூபாயை விட்டவர் ஆண்டு முடிவில் 1,44,000 ரூபாய்க்கு வட்டிக்கடை வாசலில் நிற்பார்.

விலையை முன்னாலேயே சொன்னால் ஆள் அடுத்த கடைக்குப் போய்விடுவாரே என்பீர்கள். சிலர் போவார்கள். ஆனால் அங்கே குறைந்தது கம்பியா, கூலியா என்று ஒப்பிட உங்கள் சீட்டுதான் அவருக்குத் துணை. வெள்ளாமை வந்தால்தானே சம்சாரி கையில் காசு என்றும் கேட்பீர்கள். நியாயம்தான். தவணை கொடுங்கள், தள்ளுபடியும் கொடுங்கள். முழுக்கூலியை எழுதி, அதன் கீழே கழித்துக் காட்டுங்கள். இல்லாவிட்டால் இன்று இரக்கத்தில் குறைத்ததுதான் நாளைக்கு உங்கள் விலை. சீட்டு எழுத இன்னொரு காரணமும் உண்டு: சேவைக்கு ரசீது தராமல் இருப்பதை 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நியாயமற்ற வணிகமுறை என்றே சொல்கிறது.

அளந்து காட்டுங்கள், பிரித்துச் சொல்லுங்கள், சும்மா இருக்கும் நாளையும் கணக்கில் சேருங்கள். தன் உழைப்பின் விலையைத் தன் வாயாலேயே கூசாமல் சொல்லும் கைகாரர்கள் இந்தக் கரிசல் சீமையில் பெருகட்டும்.