குழுவை வளர்ப்பவர் யார்?



பங்குனி மாதம் பிறந்துவிட்டால் யாழ்ப்பாணத்திலே வெயிலோடு வேறொரு சூடும் ஏறிவிடும். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்கும் பரியோவான் கல்லூரிக்கும் இடையே 1904 ஆம் ஆண்டு தொடங்கிய துடுப்பாட்டப் போட்டியை வடக்கின் பெருஞ்சமர் என்று அழைக்கின்றோம். போட்டி முடிந்ததும் வீதியெங்கும் ஒரே பேச்சு. யார் எத்தனை ஓட்டம் எடுத்தார்? யார் எத்தனை இலக்கை வீழ்த்தினார்? அந்தப் பதினொருவரையும் நாலைந்து ஆண்டுகளுக்கு முன்னரே இனங்கண்டு வளர்த்தவர் யார் என்று கேட்பார் மிகச் சிலர். களத்தில் இறங்காமலே குழுவின் தலைவிதியை எழுதுகின்ற அந்த மனிதரைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகின்றேன்.

அமெரிக்க நாட்டிலே பேஸ்போல் என்றொரு விளையாட்டு உண்டு. நம் பாடசாலைகளில் ஆடப்படும் எல்லேயை அறிந்தவர்களுக்கு அதனை விளங்கிக்கொள்வது கடினமன்று. பந்தை அடித்துவிட்டு, தரிப்பிடங்களைத் தொட்டுக்கொண்டு சுற்றி ஓடிவருவதே ஆட்டம். அங்கே ஒவ்வொரு குழுவுக்கும் பொது முகாமையாளர் என ஒருவர் இருப்பார். அன்றைய ஆட்டத்தை நடத்துபவர் வேறொருவர். எவரைச் சேர்ப்பது, எவரை விடுவது, கையிலுள்ள பணத்தை எங்கே செலவிடுவது, இளையோரை எவ்வாறு பயிற்றுவது என்பவற்றைத் தீர்மானிப்பவரே பொது முகாமையாளர்.

இத்தொழிலுக்கு இலக்கணம் வகுத்தவருள் முதன்மையானவர் பிறாஞ்ச் றிக்கி. சென்ற் லூயிஸ் நகரின் காடினல்ஸ் குழுவை அவர் நடத்திய காலத்தில், செல்வம் மிக்க குழுக்களோடு போட்டியிட்டு வீரர்களை விலைக்கு வாங்க அக்குழுவிடம் பணம் இருக்கவில்லை. எனவே சிற்றூர்க் குழுக்களைத் தம் ஆதரவில் கொணர்ந்து, இளைஞரை அவற்றிலே படிப்படியாக வளர்த்தார். நாற்றுமேடையில் வளர்த்த பயிரை வயலிலே நடும் முறை போன்றது அது. 1926, 1931, 1934, 1942 ஆகிய ஆண்டுகளில் காடினல்ஸ் குழு உலகத் தொடரை வென்றது.

பின்னர் அவர் புறூக்ளின் டொட்ஜர்ஸ் குழுவுக்குச் சென்றார். கறுப்பினத்தவருக்குப் பெருங்குழுக்களின் கதவு அடைக்கப்பட்டிருந்த காலம் அது. 1945 இல் ஜாக்கி றொபின்சன் என்னும் கறுப்பின வீரரை ஒப்பந்தம் செய்து, ஓராண்டு மொன்றியலிலே ஆடவைத்து, 1947 இல் பெருங்குழுவில் இறக்கினார். திறமை எங்கே இருக்கின்றதோ அங்கே தேடிச் சென்றமை அவருடைய நீதி. அதுவே அவருடைய விவேகமும் ஆகும். 1950 இல் றிக்கி அக்குழுவை விட்டு நீங்கினார். றொபின்சன் இடம்பெற்ற புறூக்ளின் குழு முதன்முதலாக உலகத் தொடரை வென்றதோ 1955 இல். நட்டவர் ஒருவர், கனி பறித்தவர் பிறர். முகாமையாளர் தொழிலின் இயல்பே இதுதான்.

அமெரிக்காவை விட்டு அக்கரைக்கு வருவோம். 2008 இல் இந்தியன் பிறீமியர் லீக் தொடங்கியபோது, சென்னை சூப்பர் கிங்ஸ் அணிக்கு வீரரைத் தெரிவு செய்வதில் முன்னின்றவர் தமிழ்நாட்டின் முன்னாள் ஆட்டக்காரர் வி. பி. சந்திரசேகர். முதல் ஏலத்தின் மிக உயர்ந்த விலையான 15 இலட்சம் டொலருக்கு மகேந்திரசிங் தோனியை அவ்வணி வாங்கிற்று. 2009 முதல் ஸ்ரீபன் பிளெமிங் பயிற்றுநரானார். அடிக்கடி ஆளை மாற்றும் போட்டியிலே இவர்கள் ஆளை மாற்றாமை அணியின் பலமாயிற்று. 2010, 2011, 2018, 2021, 2023 என ஐந்து முறை கிண்ணம் கிடைத்தது.

இவற்றுள் 2021 ஆம் ஆண்டின் வெற்றி கருதத்தக்கது. ருதுராஜ் கெய்க்வாட் என்ற இளைஞரை 20 இலட்சம் ரூபாவுக்குச் சேர்த்திருந்தனர். 2019 இல் அவருக்கு ஓர் ஆட்டந்தானும் கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டின் தொடக்கத்திலும் அவர் சோபிக்கவில்லை. அணியும் ஏழாம் இடத்துக்கு இறங்கிற்று. ஆயினும் அவரைக் கைவிட்டாரில்லை. 2021 இல் 635 ஓட்டங்கள் பெற்று, அத்தொடரிலேயே மிகுதியான ஓட்டம் எடுத்தவர் அவரே.

நேயர்களே, மறுபக்கத்தையும் மறைத்தலாகாது. 2016, 2017 ஆகிய இரண்டு ஆண்டுகள் அவ்வணி போட்டியிலிருந்து விலக்கி வைக்கப்பட்டது. அணி நிர்வாகத்தைச் சார்ந்த ஒருவரது பந்தய விவகாரமே அதற்குக் காரணம். துடுப்பைப் பிடித்தவர்கள் செய்யாத பிழைக்குத் துடுப்பைப் பிடித்தவர்களும் தண்டனை அனுபவித்தனர். மேலும், 2025 இல் அணி கடைசி இடத்தை அடைந்தபோது, மூத்த வீரரை அளவுக்கு மிஞ்சி நம்பினர் என்ற குறை எழுந்தது. பொறுமை நற்குணமே, எனினும் பொறுமை எவ்விடத்தில் பழக்கமாக மாறுகின்றது என்பதை அறிவதும் முகாமையாளர் கடன். திருவள்ளுவர் பொருட்பாலிலே தெரிந்து தெளிதலை ஓர் அதிகாரமாகவும், தெரிந்து வினையாடலை அடுத்த அதிகாரமாகவும் வைத்தார். ஆளை ஆராய்ந்து நம்புதல் ஒன்று. நம்பியபின் அவரவர்க்கேற்ற வினையை ஒப்படைத்தல் மற்றொன்று.

இனி நம் மண்ணுக்கு வருவோம். 2020 முதல் 2024 வரை நடந்த ஐந்து லங்கா பிறீமியர் லீக் தொடர்களில், யாழ்ப்பாணத்தின் பெயர் தாங்கிய அணி நான்கிலே வென்றது. மகிழ்ச்சியான செய்திதான். ஆனால் அத்தொடர்களின் ஓர் ஆட்டமேனும் யாழ்ப்பாண மண்ணில் நடைபெறவில்லை. பெயர் நம்முடையது, வேர் எங்கே?

வேர் எங்கே என்பதற்கு விசயகாந்த் வியாஸ்காந்த் விடையாவார். மத்திய கல்லூரி மாணவரான அவர், இருபது வயது நிரம்புமுன்னரே 2020 இல் அவ்வணியிற் சுழற்பந்து வீசினார். 2024 இல் சன்றைசர்ஸ் ஹைதராபாத் அணிக்காக இந்தியாவிலும் ஆடினார். வாய்ப்பை அளித்தவர் அணியை நடத்தியவர். ஆளை அளித்ததோ பாடசாலை மைதானம். 2025 செப்ரெம்பரில் மண்டைதீவிலே சர்வதேச மைதானத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. மைதானத்தைக் கல்லால் எழுப்பலாம். வீரரைக் கல்லால் எழுப்ப இயலாது.

இதை நான் என் பிழையாற் கற்றேன். அதிபராகப் பொறுப்பேற்ற புதிதில், விளையாட்டுக்கு ஒதுக்கிய பணம் முழுவதையும் முதற் பதினொருவருக்கே செலவிட இசைந்தேன். பதின்மூன்று வயதுப் பிரிவுச் சிறுவருக்கு ஒரு நல்ல பந்துதானும் வாங்கவில்லை. அவ்வாண்டு வென்றோம், மாலையிட்டார்கள். மூன்றாம் ஆண்டிலே பதினொருவரைச் சேர்ப்பதே பெரும்பாடாயிற்று. வென்ற ஆண்டில் என்னைப் பாராட்டியவர்கள், தோற்ற ஆண்டில் மாணவரைக் குறை கூறினார்கள். குறை மாணவரிடம் இருக்கவில்லை என்பதை நான் மட்டுமே அறிவேன்.

ஆகவே, பழைய மாணவர்களே, பெற்றோர்களே, அடுத்த பெருஞ்சமரைக் காண வரும்போது உங்களிடம் ஒரு வேண்டுகோள். முதற் பதினொருவருக்கு உதவுமுன், கடைசிப் பிரிவுச் சிறுவர் எங்கே பயில்கின்றனர், அவர்களுக்குப் பயிற்றுநர் உண்டோ, பந்து உண்டோ என்று ஒருமுறை கேளுங்கள். அவ்வாறு கேட்கும் ஒவ்வொருவரும் இந்த மண்ணின் குழுவுக்கு ஒரு முகாமையாளரே. அவர்களது பெயர் ஓட்டப் பட்டியலில் வரமாட்டாது. பத்தாண்டு கழித்து வரும் வெற்றியில் அவர்கள் பங்கு நிச்சயம் இருக்கும்.