கையெழுத்துப் பழகிய இரவு
(தோட்ட மாதர் குழுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நாம் ஆரம்பித்த தையல் குழு எட்டு மாதத்தில் படுத்துவிட்டது. மெஷின் பழசு, மழைக்காலம் என்று காரணம் சொன்னோம். உண்மை அதுவல்ல. வங்கிக் கணக்கு பள்ளிக்கூடத்துக்காரர்களாகிய எங்கள் பெயரில் இருந்தது. தைத்தவர்களுக்குக் கணக்குத் தெரியாது என்று நாங்களே முடிவுகட்டினோம். காசு எங்கே என்று கேள்வி வந்தபோது கொப்பியை விரித்துக் காட்டினோம். ஒரு சதமும் குறையவில்லை. ஆனால் யாரும் நம்பவில்லை. எப்படி நம்புவார்கள்?

அதனால்தான் எலா பட் அம்மையாரைப் பற்றிப் பேச வந்தோம். இப்படியானவர்களைச் சமூகத் தொழில்முயற்சியாளர் என்கிறார்கள். அவர் நம்மைப் போல் சங்கக்காரர். குஜராத்தின் அகமதாபாத்தில் பஞ்சாலைத் தொழிலாளர் சங்கத்தின் மகளிர் பிரிவை நடத்திய வழக்கறிஞர். தலைச்சுமை தூக்கும் பெண்கள், பழந்துணி விற்கும் பெண்களைச் சேர்த்து 1972இல் ‘சேவா’ சங்கத்தை அமைத்தார். முதலாளியே இல்லாதவர்களுக்கு எதற்குச் சங்கம் என்று பதிவு செய்ய மறுத்தார்கள். விடாமல் வாதாடித்தான் பதிவு கிடைத்தது.

அந்தப் பெண்களின் உழைப்பை வட்டிக்காரர்கள் தின்றார்கள். வங்கிகளோ அவர்களை வாசலிலேயே நிறுத்தின. 1974இல் 4,000 பேர் தலைக்கு 10 ரூபாய் போட்டுத் தங்களுக்கென்று ஒரு வங்கி தொடங்கினார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் வங்கி நடத்துவதா என்று அங்கும் தடை. பொறுப்புக்கு வந்த பெண்கள் இரவு முழுக்க உட்கார்ந்து தங்கள் பெயரை எழுதப் பழகினார்கள். விடிந்ததும் போய்க் கையெழுத்துப் போட்டார்கள். கையெழுத்து வராத அங்கத்தவர்களுக்குப் பாஸ்புத்தகத்தில் படம் ஒட்டிக் கொடுத்தார்கள்.

இன்னொன்று, சொல்லக் கூச்சமாக இருக்கிறது. தலித் மக்களுக்கான இடஒதுக்கீட்டை ஆதரித்தார் என்று 1981இல் தாய்ச்சங்கமே அவரையும் சேவாவையும் வெளியே தள்ளியது. சொந்த வங்கி இருந்தது, சேவா விழவில்லை.

நம் லயங்களிலும் கிழமைக் கடன்காரர் வந்து கதவைத் தட்டுவது உங்களுக்குத் தெரியும். ஒருவர் கட்டாவிட்டால் பிணை நின்ற மற்றவர்கள் கட்ட வேண்டும். அதனால் பேசாமல் போன அக்கா தங்கைகள் இங்கேயே இருக்கிறார்கள். நம் சேமிப்புக் குழுவுக்குப் புதுக் கணக்குத் திறக்கிறோம். இம்முறை கையெழுத்து மூன்று கொழுந்துக்காரப் பெண்களுடையது. எங்களுடையது இல்லை. “கை நடுங்குது டீச்சர்” என்றார் ஒருவர். நடுங்கட்டும்.

கொப்பியும் பேனையும் வாங்கி வைத்திருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் 4 மணிக்குப் பிள்ளைக்காம்பராவுக்கு வாருங்கள். அடையாள அட்டையை மறக்க வேண்டாம்.