அருவிக்கு மேலே ஓர் ஏரி



தமிழ்க் கவியரங்குகளில் மலையைப் பற்றிய பாடல்களுக்குக் குறைவில்லை. ஆயினும் அவற்றுட் பலவற்றில் பனி உண்டு, முகில் உண்டு. மலையில் வாழும் மனிதர் இல்லை. இரண்டு நாள் தங்கியோர் கண்ட காட்சியே பாட்டாகி விடுகிறது. இதற்குச் சேர்வராயன் மலையைச் சான்றாகக் கொள்ளலாம்.

சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காட்டை அடைவோர் காண விழைவது கிளியூர் அருவி. ஏறத்தாழ 300 அடி உயரத்திலிருந்து விழும் அந்நீர், ஏற்காட்டு ஏரி நிரம்பி வழியும் நீரேயாகும். மழை பொய்த்து ஏரி வற்றினால் அருவி இல்லை; பாறை மட்டுமே எஞ்சும். ஏரியும் காடும் சேர்ந்தே அவ்வூருக்குப் பெயராயின என்பர். அருவியை வியப்போருள் அந்த ஏரியின் நலத்தை வினவுவோர் எத்தனை பேர்? விடுதிகளின் கழிவு ஏரியிற் கலந்தால், அதுவே அருவியாகவும் இறங்கும் அன்றோ?

மலை முகட்டில், 5,326 அடி உயரத்தில், ஒரு குகைக்கோயில். அங்கே சேர்வராயனும் காவேரியம்மனும் எழுந்தருளியுள்ளனர். அக்குகை காவிரியோடு தொடர்புடையது என்பது வழிவழி வந்த நம்பிக்கை. ஆண்டுதோறும் மே மாத விழாவிற்கு மலையாளி என்னும் பழங்குடி மக்கள் அங்குத் திரள்கின்றனர். சுற்றுலா வருவோர்க்கு அஃது இருண்ட குகை. அம்மக்களுக்கோ நீரின் தாய்வீடு. குகைக்குள் வழி உண்டோ இல்லையோ, நீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்கும் மனம் அந்நம்பிக்கையில் உண்டு.

1820-களில் சேலம் ஆட்சியர் காக்பர்ன் இம்மலைக்குக் காப்பிப் பயிரைக் கொணர்ந்தார். இன்று நாகலூர்ப் பக்கம் செல்வோர் காப்பித் தோட்டங்களின் நிழலைப் புகழ்வர். அந்நிழலில் பழம் பறிக்கும் கைகளைப் பாடியோர் சிலரே.

தொல்காப்பியர் கருப்பொருளை வகுத்தபோது விலங்கு, மரம், பறவை ஆகியவற்றோடு தெய்வத்தையும் உணவையும் தொழிலையும் சேர்த்தே வைத்தார். தெய்வமும் தொழிலும் நீங்கிய குறிஞ்சி வெறும் காட்சியே, திணை ஆகாது.

பத்தாண்டுகளை நிறைவு செய்யும் இவ்வட்டத்தின் கவிஞர்கள் இனி மலையேறும்போது, அருவியின் அடியில் நின்றதோடு திரும்ப வேண்டா. மேலே ஏரிக்கும் செல்லுக; ஊருக்குள்ளும் செல்லுக; அங்குள்ளோர் சொல்வதைக் கேட்டபின் எழுதுக. ஏரி நிரம்பினால்தான் அருவி. பாட்டுக்கும் அதுவே விதி.